குடை ஒன்று, பெயர் இரண்டு

பட்டிமன்ற நடுவர் கையில் ஒரு மணி இருக்கும், பார்த்திருப்பீர்கள். பேசுகிறவர் நேரத்தைத் தாண்டினால் அடிப்பதற்கு. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மந்தைவெளியில் நான் ஆட்டிய ஆட்டலில், அந்த மணியின் நாக்கு கழன்று பறந்து, முன்வரிசையில் இருந்த ஒரு மாமியின் மடியில் போய் விழுந்தது.

மாமி அதை எடுத்துப் பார்த்தார். முந்தானையில் முடிந்துகொண்டார். மறுபடியும் மேடையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

அப்படி ஒரு கூட்டம்! அப்படி ஒரு சண்டை! மூன்று நாள் ஆகிறது, எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. கையெழுத்து கோணிக்கொண்டு போகிறது. அச்சுக் கோக்கிறவர் இந்த வாரம் என்னைத் திட்டாமல் இருக்க வேண்டும்.

எங்கள் தெரு நண்பர்கள் மன்றத்தின் ஆண்டு விழா. பட்டிமன்றத் தலைப்பு — ‘பாட்டு நிலைப்பது மெட்டாலா, சொல்லாலா?’

மெட்ராஸில் கேட்கக்கூடிய கேள்வியா இது? லஸ் பஸ் ஸ்டாப்பில் கேட்டால் பஸ்ஸைக் கோட்டை விட்டுவிட்டுப் பதில் சொல்வார்கள். பாண்டி பஜாரில் வளையல் கடைக்காரர் டிரான்சிஸ்டரை அணைத்துவிட்டு, ‘அம்மா, நீங்களே சொல்லுங்க, எழுதினவர் பெரியவரா, மெட்டுப் போட்டவர் பெரியவரா?’ என்று ஆரம்பித்தால் வளையல் அளவு மறந்து போய்விடும். இந்தப் பாட்டெழுதுகிறவருக்கு அந்த மியூசிக் டைரக்டர்தான் பொருத்தம், அந்த ஜோடிக்கு முன்னால் இந்த ஜோடி தூசு... ஜாதகப் பொருத்தத்தைக்கூட நாம் இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பதில்லை.

எந்த ஜோடி, பெயரைச் சொல் என்கிறீர்களா? மாட்டேன். முன்பொரு தடவை இதே பக்கத்தில் ஒரு பாடகரைப் பற்றி அரை வரி எழுதினேன். ஆசிரியர் ஒரு மூட்டைக் கடிதத்தை வீட்டுக்கே அனுப்பி, ‘நீங்களே பதில் போடுங்கள்’ என்று சீட்டு வைத்திருந்தார். பட்ட பிறகும் புத்தி வராவிட்டால் எப்படி?

ஆனால் இரண்டு பெயர்களைத் தைரியமாகச் சொல்லலாம். சேது. லாரன்ஸ். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். இப்போதைக்கு!

சேது என் சொந்தத் தம்பி. ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். பாட்டு எழுதுவான். லாரன்ஸ் பட்டினப்பாக்கத்துப் பிள்ளை. அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். இவன் ஐஸ் டிப்போவில் வேலை பார்த்துக்கொண்டே அக்கார்டியன் வாசிப்பவன். மெட்டுப் போடுவான். எட்டு வருஷமாக இரண்டு பேரும் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருக்கிறார்கள். கல்யாண ரிசப்ஷன்களில் சினிமாப் பாட்டு பத்து வாசித்தால், நடுவே தங்கள் சொந்தப் பாட்டு ஒன்றைச் செருகிவிடுவார்கள்.

அவர்கள் வேலை செய்கிற அழகை நீங்கள் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து லாரன்ஸ் நேரே எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிடுவான். அக்கார்டியனை மாட்டிக்கொள்வான். முதலில் மெட்டு. மெட்டு நிற்பதற்கு ஏதாவது வார்த்தை வேண்டுமே? மற்றவர்கள் ‘தன்னன்னா’ போடுவார்கள். இவன் வாய்க்கு வந்ததையெல்லாம் போடுவான். ‘பஸ்ஸும் வரல, பசியும் போகல...’ ‘அக்கா போட்ட காபி, ஆறிப்போன காபி...’ (ஆறவே இல்லை. வீண்பழி.) சினிமாக்காரர்கள் இதை ‘டம்மி’ என்பார்களாம். சேது ஒரு நீள நோட்டில் அதை அப்படியே குறித்துக்கொள்வான். அந்த அளவுக்குத் தகுந்தாற்போல் நிஜமான வரிகளை வாரம் முழுக்க உட்கார்ந்து எழுதுவான். மெட்டு படிந்ததும் டம்மியைக் கழற்றிப் போட்டுவிட வேண்டியதுதான். ஒரு மணி நேரம் கழித்து, என்ன பாடினாய் என்று லாரன்ஸைக் கேட்டால் அவனுக்கே தெரியாது.

அப்படிப் பிறந்த பாட்டுகளில் ஒன்று, மூன்று வருஷமாகத் தி.நகர் கல்யாண மண்டபங்களையெல்லாம் ஒரு கை பார்த்துக்கொண்டிருக்கிறது.

‘மழை வந்தா வரட்டும்... குடை ஒண்ணு போதும்...’

இதற்கு மேல் எழுதிக் காட்ட மாட்டேன். கேட்டால்தான் புரியும். அந்தப் ‘போதும்’ வருகிற இடத்தில் மெட்டு மேலே ஏறப்போகிறது என்று காத்திருப்போம். ஏறாது. மெதுவாகக் கீழே இறங்கி வந்து, பக்கத்தில் உட்காரும். மாப்பிள்ளை பெண்ணைத் திரும்பிப் பார்ப்பான். சம்பந்திச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறவர்கள்கூட அந்த ஒரு இடத்துக்கு வாயை மூடுவார்கள். நான் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். இன்னும் அலுக்கவில்லை.

போன மாதம் ஒரு ரிசப்ஷனில் ஒரு சினிமா புரொட்யூசர் இதைக் கேட்டிருக்கிறார். புதிதாகப் படம் எடுக்க வந்தவர். ‘அடுத்த மாசம் முதல் செவ்வாய்க்கிழமை தி.நகர் ஆபீசுக்கு வாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து வரணும். எனக்கு ஜோடிதான் வேணும். ஒத்தை ஆள்னா என்கிட்ட ஏற்கெனவே நாலு பேர் இருக்காங்க’ என்று சொல்லிவிட்டுப் போனார்.

எட்டு வருஷம் காத்திருந்தவர்கள் என்ன செய்ய வேண்டும்? இரண்டு சட்டையை இஸ்திரி போட்டு வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டும். இவர்கள் விசிட்டிங் கார்டு அடிக்கப் போனார்கள்!

மயிலாப்பூர் பிரஸ்ஸிலிருந்து புரூஃப் வந்தது. ‘சேது – லாரன்ஸ்’ என்று இருந்தது.

“இன்னாடா இது? மெட்டு முன்னாடி வந்துச்சா, பாட்டு முன்னாடி வந்துச்சா? என் பேரு ஏன் பின்னாடி கீது?” என்றான் லாரன்ஸ். சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

“சினிமா டைட்டில் பார்த்ததில்லையா? ‘பாடல்கள்’னு முதல்ல வரும். ‘இசை’ அப்புறம்தான்” என்றான் என் தம்பி. இவன் சிரிக்கவில்லை.

“டைட்டில்ல பெரிய ஆளுங்கதான் கடைசில வருவாங்க, தெரியும்ல?”

“அப்போ கடைசியிலேயே இரேன். யார் வேண்டாம்னா?”

அவ்வளவுதான். ‘உன் பாட்டு இல்லாமலே என் மெட்டு நிக்கும்’ என்று ஒருவன். ‘தன்னன்னாவுக்கு எவன் அழறான், பார்க்கிறேன்’ என்று இன்னொருவன். பத்து நாளாகப் பேச்சு இல்லை. செவ்வாய்க்கிழமை நான் தனியாகவே போகிறேன் என்று இருவரும் தனித்தனியாக என்னிடம் வந்து சொன்னார்கள். தனியாகப் போனால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். ஆனாலும் ரோஷம்!

என் தம்பி பகலெல்லாம் டைப் அடித்து, ராத்திரியில் பாட்டு எழுதி, பெண் பார்க்கக்கூட நேரமில்லாமல் திரிந்த எட்டு வருஷம், ஒரு துண்டு அட்டையில் யார் பெயர் முன்னால் என்பதற்காகப் போகப்போகிறதே என்று எனக்கு வயிற்றெரிச்சல்.

எங்கள் வீட்டுக்காரர் மட்டும் நிம்மதியாக இருந்தார். “பத்து நாளா ஆத்துல சத்தமே இல்லை. பேப்பர் படிக்க முடியறது” என்றார்.

மன்றத்தின் செயலாளர் தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர். பட்டிமன்றம் என்றதும், சொல் கட்சிக்குச் சேதுவையும் மெட்டுக் கட்சிக்கு லாரன்ஸையும் தலைவர்களாகப் போட்டுவிட்டார்.

“ஐயோ அண்ணாச்சி, அவர்களுக்குள் பேச்சே இல்லையே!” என்று பதறினேன்.

“அதாம்மா போட்டேன். சும்மா கூப்பிட்டா பேசுவானுவளா? மைக்கைக் கையில குடுத்தா பேசித்தானே ஆவணும்? நீங்கதான் நடுவர், பாத்துக்கிடுங்க” என்றார். நடுவராக வர ஒப்புக்கொண்டிருந்த தமிழ்ப் பேராசிரியருக்குத் தொண்டை கட்டிவிட்டதாம்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். தீர்ப்பை நான் சனிக்கிழமையே எழுதிவிட்டேன். நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் மேடை ஏறினேன். தீர்ப்பு — சொல்லே! தம்பி என்பதற்காக மட்டுமில்லை. எழுதிப் பிழைக்கிறவள் சொல்லுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னால் அடுக்குமா? பட்டிமன்ற நடுவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் என்று நினைக்கிறேன். மீதிப் பேர் எழுதுவதில்லை, மனசிலேயே வைத்துக்கொள்கிறார்கள்.

மணி கேட்டேன். மன்றத்தில் இல்லை. வீட்டுப் பூஜை மணியைக் கொண்டுபோனேன்.

தெருவை அடைத்துப் பந்தல். மயிலாப்பூர் மாமிகள் ஒரு பக்கம். பட்டினப்பாக்கத்திலிருந்து லாரன்ஸுக்காக வந்த ஒரு பட்டாளம் இன்னொரு பக்கம். முதலில் சேது எழுந்தான்.

“நடுவர் அவர்களே! மெட்டு என்பது பாத்திரம். சொல்தான் சாதம். பாத்திரத்தைக் கடித்துத் தின்றவன் உண்டா?”

மாமிகள் கைதட்டினார்கள்.

லாரன்ஸ் எழுந்தான். மேடைத் தமிழெல்லாம் அவனுக்குக் கிடையாது. “பாத்திரம் இல்லாம சோத்த இன்னா கையிலயா வடிப்பே?” என்றான். விசில் பறந்தது. “நம்ம மெட்ராஸ்ல இந்திப் பாட்டு ஓடாத டீக்கடை ஒண்ணு காட்டு பாக்கலாம். எல்லாம் தலைய ஆட்டிக்கினு கேக்குறாங்கோ. அர்த்தம் கேளு, ஒருத்தனுக்கும் தெரியாது. சொல்லா நின்னுச்சு? மெட்டு நைனா, மெட்டு!”

பந்தல் ஆடியது. மணியின் நாக்கு மாமியின் மடிக்குப் போனது இந்தக் கட்டத்தில்தான்.

சேது விடுவானா? “காதல் கடிதத்தில் எவனாவது ஸ்வரம் எழுதியிருக்கிறானா? வரியைத்தானே எழுதுகிறான்!” என்றான். இந்தப் பக்கம் ஆரவாரம். “குழந்த தாலாட்டு கேட்டுத் தூங்குதே, அர்த்தம் புரிஞ்சா தூங்குது?” என்றான் லாரன்ஸ். அந்தப் பக்கம் ஆரவாரம். கையில் நாக்கில்லாத மணியோடு நான் நடுவில். சொன்னால் நம்புங்கள், எனக்குக் கட்சியே மறந்துவிட்டது. ஒருவன் பேசும்போது அவன் சொல்வதுதான் சரி என்று படுகிறது. அடுத்தவன் வாயைத் திறந்ததும் அதுவும் சரியாகத்தான் இருக்கிறது. மேடையென்றும் பார்க்காமல் நானே இரண்டு பக்கமும் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசி வாய்ப்பு லாரன்ஸுக்கு. மைக்கைப் பிடித்தவன் கூட்டத்தைப் பார்க்கவில்லை. பத்து நாளில் முதல் தடவையாகச் சேதுவைத் திரும்பிப் பார்த்தான்.

“ஒண்ணு மட்டும் ஒத்துக்கிறேன்க்கா. ‘குடை ஒண்ணு போதும்’னு எழுதினான் பாருங்க... அந்த ஒரு வரி, ஏழு ஜென்மம் எடுத்தாலும் எனக்கு வராது. எவ்ளோ சண்ட போட்டாலும் அந்த வரிக்கு முன்னாடி நான் ஒண்ணுமில்ல. ஆனா அத்த தூக்கிக்கினு போயி ஜனங்க காதுல வச்சது என் மெட்டு. அத்த மட்டும் இவன் மறந்துட்டான். அதான் எனக்கு பேஜாரா கீது.”

சேது எழுந்தான். அவன் முறை முடிந்துவிட்டது. உட்காரச் சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் சும்மா இருந்துவிட்டேன்.

“அந்த வரி என்னுடையது இல்லை” என்றான்.

மேடைத் தமிழெல்லாம் போய்விட்டது. உதாரணம் காட்டுவதற்காகக் கொண்டுவந்திருந்த நீள நோட்டைப் பிரித்தான். “அது நீ பாடின டம்மிடா, லாரன்ஸ். அன்னிக்கு மழை. ஆத்துல இருந்ததே ஒரு குடைதான், ரெண்டு பேரும் ரிகர்சலுக்குப் போகணும். நீ ஜன்னலைப் பார்த்துண்டே பாடினே. இதோ, எழுதி வெச்சிருக்கேன், பாரு. கீழே எட்டு வரி குறுக்கால அடிச்சிருக்கே, அதெல்லாம்தான் நான் எழுதினது. கார்முகில்னு ஒண்ணு, கருங்குவளைன்னு ஒண்ணு... எதுவுமே அதுக்குக் கிட்ட வரலை. கடைசியில உன் வரியையே சுத்தமா காப்பி பண்ணிக் கொடுத்துட்டேன். ‘இன்னாமா எழுதினடா’ன்னு நீதான் கட்டிண்டே. அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரலை. மூணு வருஷமா அந்த வரிக்கு மாலை வாங்கிண்டிருக்கேன்.”

என் தம்பியா? இந்த வரிக்காக நான் எத்தனை பேரிடம் பெருமை அடித்திருக்கிறேன்! வெட்கம் ஒரு பக்கம். அத்தனை பேர் முன்னால் சொன்னானே என்ற பெருமை இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து அழுகையாக வந்தது.

லாரன்ஸ் நோட்டை வாங்கிப் பார்த்தான். “டேய்... நானா?” என்றான்.

“நீதாண்டா.”

லாரன்ஸ் தலையைச் சொறிந்துகொண்டு என் பக்கம் திரும்பினான். “அக்கா, டைம் ஆச்சுன்னு நிறுத்திடாதீங்க. நானும் ஒண்ணு சொல்லிடறேன்.”

நிறுத்துவதற்கு என்னிடம் மணி ஏது?

“அந்தப் ‘போதும்’ல ஒரு எறக்கம் வருதே, ஊரே உச்சுக் கொட்டுமே... அது நான் போட்ட மெட்டு இல்ல.” அக்கார்டியனை எடுத்து மாட்டினான். “நான் போட்டது இப்டி” என்று வாசித்துக் காட்டினான். ‘போதும்’ மேலே ஏறி, உச்சியில் போய் நின்றது. நன்றாகத்தான் இருந்தது. ஆயிரம் பாட்டில் வருகிற மாதிரி, நன்றாக இருந்தது.

“அடுத்த வாரம் இவன் வரி எழுதிக்கினு வந்து பாடிக் காட்டினான். இவன் கொரலு தெரியும்ல? மேல எட்டாது. எட்டாம கீழ வந்து விழுந்தான். எனக்கு அப்டியே சிலிர்த்துப்போச்சு. தப்புன்னு சொல்லாம, ‘போன வாரம் நான் அப்டித்தான்டா போட்டேன்’னு சொல்லிட்டேன். இவனும் நம்பிட்டான். அந்த எறக்கம் இவனோடதுக்கா. மூணு வருஷமா நான் கைதட்டு வாங்கிக்கினு கீறேன்.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. ஆனால் மேடையில் நின்று அப்படிச் சிரித்தவர்களை நான் பார்த்ததில்லை. பட்டினப்பாக்கத்துப் பட்டாளம் ‘பாடு, பாடு!’ என்று கத்தியது. லாரன்ஸ் வாசித்தான். சேது பாடினான், அவனுடைய அந்த எட்டாத குரலில். ‘போதும்’ வந்ததும் பந்தல் மொத்தமும் சேர்ந்து இறங்கியது. மாமிகளும்தான். அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் துடைக்கக்கூட இல்லை.

பாட்டு முடிந்தது. அண்ணாச்சி காதருகே வந்தார். “யம்மா, தீர்ப்பு?”

கைப்பையில் அந்தக் காகிதம் இருந்தது. அதை எடுக்கக் கை கூசியது. என்ன தீர்ப்புச் சொல்வது? ஊர் உருகுகிற அந்த ஒரு இடத்தில், சொல் மெட்டுக்காரனுடையது. மெட்டு சொல்காரனுடையது. எந்தக் கட்சிக்கு எழுதுவது?

“குடை ஒண்ணு போதும்” என்றேன். அதுவே தீர்ப்பாகிவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். வளையல் கடையிலும் பஸ் ஸ்டாப்பிலும் நாம் அடித்துக்கொள்கிறோமே, அந்தப் பெரிய ஜோடிகளும் உள்ளே இப்படித்தானோ? நமக்குப் பிடித்த வரியை யார் சொன்னது, நமக்குப் பிடித்த வளைவை யார் போட்டது... அவர்களுக்கே நினைவிருக்குமா? நினைவிருந்தாலும் சொல்வார்களா? நாமோ தராசைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம். எப்படியும் அலையத்தான் போகிறோம். எனக்கும் ஒரு பிடித்த ஜோடி உண்டு. விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் தி.நகர் போனார்கள். புரொட்யூசர் மூன்று பாட்டு கேட்டார். தொடையில் தாளம் போட்டார். “ஒரு பாட்டு தர்றேன். ஒண்ணே ஒண்ணு. அது நின்னா மத்ததைப் பாத்துக்கலாம்” என்றிருக்கிறார். எட்டு வருஷத்துக்கு ஒரு பாட்டு! எங்கள் வீட்டில் கேசரி கிளறினேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

கிளம்பும்போது புரொட்யூசர் ஒரு கேள்வி கேட்டாராம். “டைட்டில்ல பேர் எப்படிப் போடறது? யார் பேர் முதல்ல?”

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அடுத்தவனைக் கை காட்டியிருக்கிறார்கள்.

“அவன் பேருதான் முன்னாடி. எறக்கம் அவனோடது.”

“இல்லை சார், அவன் பேர்தான். வரியே அவனோடது.”

“பேசி முடிவு பண்ணிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது இரண்டு பேரும் எங்கள் கூடத்தில்தான் இருக்கிறார்கள். பிரஸ்காரர் புரூஃபை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமாக வாசலில் நிற்கிறார். ‘நீ முன்னாடி நில்லுடா’ என்று ஒருவன் கத்துகிறான். ‘நீ நில்லேண்டா’ என்று இன்னொருவன். கார்டு இன்னும் அச்சாகவில்லை. இந்தத் தடவையும் பேச்சு நின்றுவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

எங்கள் வீட்டுக்காரர் பேப்பருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “இதுக்கும் ஒரு பட்டிமன்றம் வெச்சுடாதே. ஆத்துல வேற மணி இல்லை!”